விஷத்தால் தடுமாறும் இதயத்துக்கு எக்மோ: எப்போது, எப்படி, எங்கே தவறும்?

மாவட்ட மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் பணிபுரியும் இளம் மருத்துவரின் கேள்வி இது: "விஷமோ மாத்திரையோ உட்கொண்டு வருகிறவர்களில் சிலருக்கு வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறை மிதமிஞ்சி வேகமாகத் துடிப்பது), ஃபிப்ரிலேஷன் (துடிக்காமல் வெறுமனே நடுங்குவது) மாறி மாறி வருகிறது. ஷாக் கொடுத்தாலும் நிற்பதில்லை. இவர்களுக்கு எக்மோ உதவுமா? பெரிய மருத்துவமனையை எப்போது கூப்பிட வேண்டும்? அங்கே என்ன செய்வார்கள்?"

உதவும். எக்மோ என்பது ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, பம்பால் திருப்பி அனுப்பும் கருவி. மாரடைப்பால் ஓய்ந்த இதயத்தைவிட விஷத்தால் ஓய்ந்த இதயத்துக்குத்தான் எக்மோ கூடுதலாகக் கைகொடுக்கிறது. ஆனால் பெரும்பாலும் நாம் கூப்பிடும் நேரம் பிந்திவிடுகிறது. இந்தப் பதிலில் நான் திரும்பத் திரும்ப வரப்போவது அந்த நேரக் கணக்குக்குத்தான்.

தமிழ்நாட்டில் எக்மோ என்ற சொல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது 2016 டிசம்பரில், ஜெயலலிதாவுக்கு அது பொருத்தப்பட்ட செய்தியோடு. 2020இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் சிகிச்சையில் இருந்த வாரங்களில் மறுபடியும் அதே சொல். இருவரும் பிழைக்கவில்லை. அதனால் "எக்மோ போடப் போகிறோம்" என்றதுமே உறவினர்கள் "அப்போ அவ்வளவுதானா டாக்டர்?" என்று உடைந்துபோகிறார்கள். விஷ நோயாளியின் வீட்டாரிடம் முதலில் விளக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

மாரடைப்பில் தசை செத்துப்போகிறது. விஷத்தில் பெரும்பாலும் தசை சாவதில்லை, முடங்கிக் கிடக்கிறது. சோடியம் கால்வாய் அடைபட்டிருக்கும், அல்லது மூடவேண்டிய நேரத்தில் மூடாமல் திறந்தே இருக்கும், அல்லது சோடியம்–பொட்டாசியம் பம்ப் நின்றிருக்கும். விஷம் வெளியேறியதும் அதே இதயம் பழையபடி துடிக்கும். சிக்கல் என்னவென்றால், விஷத்தை வெளியேற்ற வேண்டிய ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியதும் அந்த முடங்கிய இதயம்தான். ரத்த ஓட்டம் குறையக் குறைய விஷம் உள்ளேயே தங்குகிறது, அமிலத்தன்மை ஏறுகிறது, இதயம் மேலும் முடங்குகிறது. எக்மோ இந்தச் சுழலை உடைக்கிறது. அது விஷமுறிவு மருந்து அல்ல. இதயம் செய்ய முடியாத வேலையைச் சில நாள் தான் செய்து, உடல் விஷத்தைக் கழிக்க நேரம் வாங்கித் தருகிறது.

பிரான்சின் கான் நகர மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மருந்து விஷத்தால் இதயம் நின்ற அல்லது கடும் அதிர்ச்சி நிலைக்குப் போன 62 பேரில் 14 பேருக்கு இந்தக் கருவி பொருத்தப்பட்டது. அவர்களில் 12 பேர் பிழைத்தார்கள். பொருத்தப்படாத 48 பேரில் பிழைத்தவர்கள் 23 பேர். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. தானியச் சேமிப்பில் புகையூட்டும் அலுமினியம் பாஸ்பைடுக்கு முறிவு மருந்தே கிடையாது. அதிலும் லூதியானா மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட தொகுப்பில், மிக மோசமான நிலையில் இருந்து எக்மோ பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிழைத்தார்கள். அதே நிலையில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2023 வழிகாட்டலும், முழுச் சிகிச்சைக்கும் மசியாத விஷ அதிர்ச்சிக்கும் துடிப்புக் கோளாறுக்கும் இதை நியாயமான வழியாக ஏற்கிறது.

"முழுச் சிகிச்சைக்கும் மசியாத" என்ற சொற்களைக் கவனியுங்கள். எக்மோவுக்கு முன் செய்யவேண்டியதைச் சரியான அளவில் செய்திருக்க வேண்டும். இங்கேதான் அதிகம் தவறுகிறது.

சோடியம் பைகார்பனேட்டை எடுத்துக்கொள்வோம். ட்ரைசைக்ளிக் மனச்சோர்வு மாத்திரை, ஃப்ளெக்கனைடு போன்றவை சோடியம் கால்வாயை அடைக்கும்போது ஈசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலை அகலும். 100 மில்லிசெகண்டைத் தாண்டினால் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிஈக்விவலன்ட் பைகார்பனேட் வேகமாக ஏற்ற வேண்டும். நம்மிடம் இருக்கும் 7.5 சதவீத 10 மி.லி. ஆம்பூலில் இருப்பது சுமார் 9 மில்லிஈக்விவலன்ட். 60 கிலோ ஆளுக்கு முதல் தவணையே 7 முதல் 13 ஆம்பூல் ஆகிறது. இரண்டு ஆம்பூல் உடைத்து ஏற்றிவிட்டு "பைகார்ப் கொடுத்தாச்சு, பலனில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுவது அந்த மருந்தைக் கொடுக்காததற்குச் சமம். கியூஆர்எஸ் சுருங்கும் வரை, ரத்த பிஹெச் 7.45க்கும் 7.55க்கும் இடையில் வரும் வரை திரும்பக் கொடுக்கலாம். கூடவே பொட்டாசியம் சரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த தவறு, கை தானாக அமியோடரோனுக்குப் போவது. மாரடைப்பு நோயாளியிடம் பழகிய கை அது. சோடியம் கால்வாய் ஏற்கெனவே அடைபட்ட இதயத்தில் புரோக்கைனமைடு வகை மருந்துகள் அதே அடைப்பைக் கூட்டும். அமியோடரோன் க்யூடி இடைவெளியை (ஈசிஜியில் கீழறை சுருங்கி மீளும் நேரம்) நீட்டி, ரத்த அழுத்தத்தையும் இறக்கும். பைகார்பனேட்டுக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் லிக்னோகைன் பார்க்கலாம். க்யூடி நீண்டு டோர்சாட் என்ற முறுக்கு வகைத் துடிப்புக் கோளாறு வந்தால் மெக்னீசியம் 2 கிராம், பொட்டாசியத்தை 4.5க்கு மேல் வைத்திருப்பது, தேவைப்பட்டால் பேஸ்மேக்கரால் வேகமாகத் துடிக்கவைப்பது. பீட்டா, கால்சியம் தடுப்பு மாத்திரைகளுக்குக் கால்சியமும், கிலோவுக்கு 1 யூனிட்டில் தொடங்கும் உயர் அளவு இன்சுலினும், அதோடு குளுக்கோஸும். ஓரிடத்தை மரத்துப்போக வைக்கும் ஊசிமருந்து ரத்தத்தில் ஏறிவிட்டால் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு 1.5 மி.லி.

மஞ்சள் அரளி தனிக் கதை. யாழ்ப்பாணத்தில் அலரி என்பார்கள். 1980களில் இந்த விஷப் பிரச்சினை பெருகி மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததும் அங்கிருந்துதான். டிஜாக்சின் என்ற இதய மருந்து போலவே வேலை செய்கிறது: துடிப்பு குறைவது, கடத்தல் தடை, பிறகு திடீரென்று வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். பொட்டாசியம் ஏறினால் நிலைமை முற்றுகிறது என்று பொருள். டிஜாக்சினை முறிக்கும் எதிர்ப்பொருளான ஃபேப் ஊசி இதன் துடிப்புக் கோளாறைத் தணிக்கிறது என்று இலங்கையில் நடந்து 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் விலையும் தட்டுப்பாடும்தான் நம் பக்கத்துச் சோகம். அது இல்லாத இடத்தில் அட்ரோபினும் தற்காலிகப் பேஸ்மேக்கரும். ஆனால் எரிச்சலுற்ற கீழறைச் சுவரில் பேஸிங் கம்பி உரசினாலே ஃபிப்ரிலேஷன் கிளம்பலாம். ஷாக் கொடுத்தபின் இதயம் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. இந்த நோயாளி காலையில் பேசிக்கொண்டிருந்துவிட்டு மாலையில் சரிவார் என்பதால், வார்டுக்கு மாற்றும் அவசரம் வேண்டாம்.

சரியாகச் சுத்தி செய்யாத வசநாவி என்ற நச்சு வேர் கலந்த மருந்தால் வரும் கோளாறு இதற்கு எதிர்ப்புறம்: சோடியம் கால்வாய் திறந்தே கிடக்கும். ஒரு துடிப்பு மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று ஈசிஜி மாறி மாறி ஆடும். ஷாக்குக்கு அடங்காது, சில நிமிடங்களில் திரும்பும். ஓரிரு நாளில் விஷம் தானே இறங்கிவிடும் என்பதால் எக்மோவுக்கு மிகப் பொருத்தமான விஷங்களில் இது ஒன்று. ஒடுவந்தழை என்ற விஷ இலையில் முக்கியம் பொட்டாசிய இழப்பும் சிறுநீரகக் குழாய் அமிலத்தன்மையும். அதை விடாமல் ஈடுசெய்வதே பெரும்பகுதிச் சிகிச்சை.

எல்லா விஷத்துக்கும் எக்மோ பொருந்தாது. களைக்கொல்லி பாராகுவாட்டில் கெடுவது நுரையீரல், அது தழும்பாகிவிடும், திரும்பாது. பூச்சிமருந்து ஆர்கனோபாஸ்பேட்டில் பெரும்பாலும் காப்பாற்றுவது அட்ரோபினும் வென்டிலேட்டரும்தான். மூளை நெடுநேரம் ரத்தமின்றி இருந்துவிட்டாலும், யாரும் பார்க்காத இடத்தில் இதயம் நின்று எவ்வளவு நேரம் என்றே தெரியாவிட்டாலும் கருவி பயன் தராது.

இப்போது நேரக் கணக்கு. இதயம் நிற்கும்வரை காத்திருந்து கூப்பிடாதீர்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும் இரண்டாவது மருந்து தொடங்கும்போதே போனை எடுங்கள். நார்அட்ரினலின் ஓடுகிறது, அட்ரினலினும் சேர்த்தாயிற்று, ஆனாலும் சராசரி அழுத்தம் 65க்குக் கீழ். ரத்த ஓட்டம் போதாததைக் காட்டும் லாக்டேட் ஒவ்வொரு சோதனையிலும் ஏறுகிறது. கியூஆர்எஸ் பைகார்பனேட்டுக்குப் பிறகும் அகல்கிறது. ஷாக் கொடுத்துத் திரும்பிய துடிப்பு மீண்டும் மீண்டும் உடைகிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். கூப்பிட்டுவிட்டு நோயாளி தேறிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. மார்பழுத்தம் (சிபிஆர்) ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்மோ போடுவதும் உண்டு. பொதுவாக 60 நிமிடத்துக்குள் ஓட்டம் தொடங்க வேண்டும் என்பது கணக்கு. இடைவிடாமல் நல்ல மார்பழுத்தம் கிடைத்த விஷ நோயாளியில் அதையும் தாண்டிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸில் மார்பை அழுத்திக்கொண்டே இரண்டு மணி நேரம் வருவது வேறு விஷயம்.

அனுப்பும்போது நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தொடை மடிப்புகளையும் குத்தாமல் விடுங்கள். சென்ட்ரல் லைன் கழுத்தில் இருக்கட்டும். அவசரத்தில் தொடையில் நாலு முறை குத்தி ரத்தம் கட்டிய இடத்தில் 17 ஃபிரெஞ்ச் கேனுலா (ஐந்தரை மி.மீ.க்கும் மேல் தடித்த குழாய்; மூன்று ஃபிரெஞ்ச் ஒரு மி.மீ.) போடுவது பெரும்பாடு. தமனி அழுத்தக் குழாய் வலது மணிக்கட்டில் இருக்கட்டும், காரணம் பின்னால் வருகிறது. விஷத்தின் டப்பா, அட்டை, இலை எதுவானாலும் ஒரு கவரில் போட்டுக் கூடவே கொடுத்தனுப்புங்கள். எல்லா ஈசிஜிகளையும் மணி குறித்து அனுப்புங்கள்.

அங்கே நடப்பது இது. இதயத்துக்கான அமைப்பு சிரை–தமனி எக்மோ. தொடைச் சிரை வழியாக 21 முதல் 25 ஃபிரெஞ்ச் அளவுள்ள நீண்ட கேனுலா வலது மேலறை வரை போகும். அது கருத்த ரத்தத்தை இழுத்து, மையவிலக்குப் பம்ப் வழியாக ஆக்சிஜனேட்டருக்கு அனுப்பும். ஆக்சிஜன் ஏறி, கரியமில வாயு கழிந்து, சூடேறிய ரத்தம் தொடைத் தமனியில் உள்ள 15 முதல் 17 ஃபிரெஞ்ச் கேனுலா வழியாகத் திரும்பும். சுற்றுக் குழாயை 500 முதல் 700 மி.லி. சலைன் வகைத் திரவத்தால் குமிழி இல்லாமல் நிரப்பி வைத்திருப்பார்கள். ரத்தசோகை உள்ள மெலிந்த பெண்ணுக்கு அந்தத் திரவமே ஹீமோகுளோபினைக் கணிசமாக இறக்கிவிடும் என்பதால் ரத்தம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் பார்த்துத்தான் குத்த வேண்டும். மார்பழுத்தத்தின்போது சிரையும் துடிக்கும், தமனியிலும் கருத்த ரத்தம்தான் வரும். நிறத்தையும் துடிப்பையும் நம்பி இரண்டு கேனுலாவையும் ஒரே வகைக் குழாயில் போட்டுவிடுவது அப்படித்தான் நேர்கிறது. வழிகாட்டிக் கம்பி மேலறையில் தெரிகிறதா என்று எக்கோவில் பார்த்தபின்னரே துளையை அகலப்படுத்துவார்கள். கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட் ஹெப்பரின். இரு முனைகளிலும் சலைன் ஊற்றிக்கொண்டே, காற்று புகாமல் குழாயோடு இணைப்பார்கள். பம்பை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு மேல் ஏற்றியபிறகுதான் தமனிப் பக்கக் குழாயை நெரித்து மூடியிருக்கும் கிளாம்ப்பை எடுக்க வேண்டும். இந்தப் பம்பில் வால்வு கிடையாது. சுற்று குறைவாக இருக்கும்போது கிளாம்ப்பை எடுத்தால் தமனி ரத்தம் பின்னோக்கிப் பாயும். 60 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்கு 3.5 முதல் 4 லிட்டர் வந்தால் போதும்.

ஓட்டம் தொடங்கியதும் மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் தொடைமேல் கிடக்கும் இரண்டு குழாய்களைப் பாருங்கள். ஒன்று நாவற்பழத் தோல் நிறத்தில், மற்றது செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். இரண்டும் கருப்பாக இருந்தால் ஆக்சிஜன் குழாய் கழன்றிருக்கிறது, அல்லது சிலிண்டர் தீர்ந்திருக்கிறது. இரவுப்பணிச் செவிலியர் ஒரு டார்ச் விளக்கோடு மணிக்கொருமுறை இதைப் பார்ப்பது எந்த அலாரத்துக்கும் குறைந்ததல்ல. இழுக்கும் குழாய் நடுங்கினால் சிரை ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். அப்போது சுற்றை ஏற்றக் கூடாது, சற்றுக் குறைத்துத் திரவம் கொடுக்க வேண்டும். பம்ப் நின்றால் முதலில் தமனிக் குழாயைக் கிளாம்ப் செய்யுங்கள், பிறகு கைச்சுழற்றியால் பம்பைக் கையாலேயே ஓட்டுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

இனி துடிப்புக் கோளாறுக்கே உரிய ஆபத்து. எக்மோ ஓடும்போது ஈசிஜியில் ஃபிப்ரிலேஷன் இருக்கும், அழுத்தம் 70 இருக்கும், நோயாளி கண் திறந்து பார்க்கவும் கூடும். அவசரமில்லை என்று தோன்றும். பத்து நிமிடம் நிதானமாக அமிலத்தையும் பொட்டாசியத்தையும் திருத்த அது உண்மையிலேயே வாய்ப்பு தருகிறது. ஆனால் அப்படியே விடக் கூடாது. இடது கீழறை சுருங்காவிட்டாலும் நுரையீரலைச் சுற்றிவரும் கொஞ்சம் ரத்தம் அதற்குள் வந்துகொண்டே இருக்கும். எதிரே எக்மோவின் அழுத்தம் பெருந்தமனி வால்வை மூடி வைத்திருக்கும். உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் கீழறை ஊதும், நுரையீரலில் நீர் ஏறும், வென்டிலேட்டர் குழாயில் இளஞ்சிவப்பு நுரை வரும், தேங்கிய ரத்தம் உறையும். மணிக்கட்டு அழுத்தக் கோடு ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாக ஓடுவதே முதல் எச்சரிக்கை. மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் குறைந்தது 10 வித்தியாசம் இருக்கும்படி, குறைந்த அளவு அட்ரினலினோ டோபுட்டமினோ வைத்து வால்வைத் திறக்கவிட வேண்டும். ஓட்டத்தைத் தேவைக்கு மேல் ஏற்றக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் பலூன் பம்ப், இம்பெல்லா என்ற இதயத்துக்குள் வைக்கும் சிறு பம்ப், மேலறைச் சுவரில் துளை போன்ற வழிகளால் கீழறையின் பாரத்தை இறக்க வேண்டும்.

பிறகு இதயம் தேறும்போது அதற்கு நேர்மாறான ஒரு வலை. துடிக்கத் தொடங்கிய இதயம் தன் நுரையீரல் வழி வந்த ரத்தத்தை மேலே தள்ளும். எக்மோ ரத்தம் கீழிருந்து வரும். நுரையீரல் நீரேறிக் கெட்டிருந்தால், கால் விரல் சிவந்து நிற்க மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் போகும். இடது கையிலோ காலிலோ ரத்தம் எடுத்துச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். வலது மணிக்கட்டில் குழாய் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கேனுலா போட்ட காலுக்குப் போகும் ரத்தத்தை அந்தக் கேனுலாவே அடைக்கும். முழங்காலை நோக்கி 6 முதல் 8 ஃபிரெஞ்ச் சிறு குழாய் ஒன்றைச் சேர்த்தே போட வேண்டும். பிறகு போடலாம் என்று தள்ளிவைத்த இடங்களில்தான் கால் போகிறது. ரத்தக்கசிவு இன்னொரு பக்கம்: ஹெப்பரின் ஓடுகிறது, மார்பழுத்தத்தில் விலா முறிந்திருக்கலாம், இரைப்பை கழுவிய குழாய் உரசியிருக்கலாம்.

கால்சியம் தடுப்பு மாத்திரைகளில், குறிப்பாக அம்லோடிபினில், எக்மோ 4 லிட்டர் ஓடியும் அழுத்தம் 50ஐத் தாண்டாமல் இருக்கும். கருவி ஓட்டத்தைத்தான் தருகிறது. தளர்ந்த ரத்தக்குழாய்களை அது இறுக்காது. நார்அட்ரினலினையும் வாசோப்ரெசினையும் தொடர வேண்டும். கொழுப்புக் கரைசல் கொடுத்திருந்தால் எக்மோ குழுவிடம் கட்டாயம் சொல்லுங்கள். கொழுப்பு சுற்றுக்குழாயில் படிந்து ஆக்சிஜனேட்டரை அடைக்கும், இணைப்புத் திருகுகளில் விரிசல் விழவும் காரணமாகும். ஃபென்டனில், மிடாசோலம் போன்ற வலி, மயக்க மருந்துகள் குழாயிலேயே ஒட்டிக்கொள்வதால் வழக்கமான அளவில் நோயாளி மயங்க மாட்டார். சிறுநீர் குறைந்தால் டயாலிசிஸ் கருவியையும் இதே சுற்றில் இணைக்கலாம்.

கண்மணி விரிந்து அசைவில்லாமல் இருக்கிறது, மூளை போய்விட்டது என்று முதல் நாளிலேயே முடிவு கட்டாதீர்கள். ட்ரைசைக்ளிக், பாக்லோஃபென், பார்பிச்சுரேட் எல்லாம் மூளைச்சாவு போலவே தோன்ற வைக்கும். மருந்து முழுதாகக் கழிந்தபின் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கருவியை எடுப்பது பெரும்பாலும் சில நாட்களில் முடிகிறது. அலுமினியம் பாஸ்பைடில் இன்னும் சற்று நீளலாம். ஓட்டத்தை அரை அரை லிட்டராக இறக்கி, 1 முதல் 1.5 லிட்டரில் நிறுத்தி எக்கோ பார்ப்பார்கள். இடது கீழறை வெளித்தள்ளும் பங்கு 20–25 சதவீதத்தைத் தாண்டி, பெருந்தமனி வாயில் ஓட்ட அளவு (ஒரு துடிப்பில் ரத்தம் தள்ளப்படும் தூரம்) 10 செ.மீ.யாவது இருந்து, மருந்து குறைவாக இருக்கும்போதே அழுத்தம் 60க்கு மேல் நின்றால் எடுக்கலாம். குறைந்த ஓட்டத்தில் ரத்தம் உறையும் என்பதால் அந்தச் சோதனையை இழுத்தடிக்கக் கூடாது. மெதுவாகக் கரையும் மாத்திரை குடலில் மிச்சமிருந்தால், எடுத்த மறுநாள் கியூஆர்எஸ் மீண்டும் அகலலாம். ஆகவே குறைந்தது ஒரு நாளாவது ஈசிஜி தொடர்ந்து ஓடட்டும்.

வார்டுக்குப் போகும் முன் கால் தமனிக்கு டாப்ளர் பார்க்க வேண்டும். தானே உட்கொண்டவர் என்றால், மனநல மருத்துவர் படுக்கையருகே வந்து உட்கார்ந்து பேச வேண்டும். வெளிநோயாளிச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதாது. வீட்டாரிடம் டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள், தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் யாராவது எதையாவது உட்கொண்டது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், உப்புத் தண்ணீர் கொடுக்காமல், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல், உடனே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.